புயல் தாங்கும் கராஜ் கதவு: மொரீஷியஸில் பட்ஜெட் போடும் முறை

மொரீஷியஸில் வீடு பார்க்கப் போகிற நம்மவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், ஜன்னல் பூட்டை ஆட்டிப் பார்ப்பார்கள், தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்பார்கள். கராஜ் ஷட்டரை மட்டும் ஒருமுறை ஏற்றி இறக்கிவிட்டு, "சரி, ஓடுகிறது" என்று நகர்ந்துவிடுவார்கள். வெளிச்சுவரில் இருப்பதிலேயே பெரிய திறப்பு அதுதான். புயல் காற்று முதலில் சோதித்துப் பார்ப்பதும் அதைத்தான்.

இங்கே வீடெல்லாம் கான்கிரீட்டாயிற்றே, என்ன பயம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 1960 பிப்ரவரியில் கரோல் புயல் மணிக்கு 256 கிலோமீட்டர் வீச்சோடு (திடீரென அடிக்கும் உச்சக் காற்றின் வேகம்) வந்து மரவீடுகளையும் தகர வீடுகளையும் ஆயிரக்கணக்கில் சாய்த்த பிறகுதான் இந்தத் தீவு பெருமளவில் கான்கிரீட்டுக்கு மாறியது. 1975இல் ஜெர்வேஸ் புயலின் வீச்சு 280 வரை போனது. 1994இல் ஹோலண்டா 216, 2002இல் தீனா 228. இந்த வேகத்தில் சுவரும் தளமும் நிற்கும். ஜன்னலும் கதவும் ஷட்டரும் நிற்குமா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் இதைப் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவைத் தாக்கியபோது பல வீடுகளில் கராஜ் கதவு உள்வாங்கியது. உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ள, வெளிக்காற்று மேலிருந்து இழுக்க, கூரை போயிற்று. அங்கே கூரை மரச்சட்டத்தில் நிற்பது. நம் வீட்டில் கான்கிரீட் தளம் பறக்காது. ஆனால் அந்த அழுத்தம் எங்காவது வெளியேறத்தானே வேண்டும்? கராஜிலிருந்து வீட்டுக்குள் வரும் உள்கதவைப் பெயர்க்கும், எதிர்ப்பக்க அலுமினிய ஜன்னலை வெளியே தள்ளும், மாடியில் தகரம் போட்ட அறை இருந்தால் அதைத் தூக்கும். பின்னாலேயே மழை உள்ளே வரும்.

கதவு என்ன விலை என்று கேட்டால் கடையில் தகட்டுக்கும் மோட்டாருக்கும் விலை சொல்வார்கள். காற்றின் பாரம் கடைசியில் போய்ச் சேரும் இடம் கதவு ஏறி இறங்கும் பக்க ரெயில், அதைச் சுவரோடு பிடித்திருக்கும் ஆங்கர் போல்ட், போல்ட் இறங்கியிருக்கும் சுவர். அதனால் பட்ஜெட்டைச் சுவரிலிருந்து தொடங்கிக் கதவுக்கு வாருங்கள். இந்தக் கட்டுரை முழுக்க நான் வற்புறுத்தப் போவது இதைத்தான்.

இது யார் செலவு?

வாடகை வீடு என்றால் கதவு வீட்டுக்காரர் பொறுப்பு. அதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பேசி எழுதி வாங்குங்கள். புயல் பருவத்தின் நடுவே, ஜனவரியில் போன் செய்து கெஞ்சிப் பயனில்லை. வில்லா, அபார்ட்மென்ட் வளாகங்களில் சிண்டிக் என்கிற நிர்வாகம் இருக்கும். முகப்பின் நிறத்தையோ கதவின் வகையையோ மாற்ற அவர்கள் அனுமதி வேண்டியிருக்கலாம். சொந்த வீட்டில் திறப்பை அகலப்படுத்துவது, தூணை இடித்துக் கட்டுவது போன்ற வேலை இருந்தால் உங்கள் முனிசிபல் கவுன்சிலிலோ மாவட்டக் கவுன்சிலிலோ கட்டட அனுமதி வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

அளவும் பாரமும்

டேப்பை எடுத்துத் திறப்பின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பெருக்குங்கள். ஒரு கார் கராஜ் 2.5 மீட்டருக்கு 2.1 என்றால் 5.25 சதுர மீட்டர். இரண்டு கார் கராஜ் 5 மீட்டர் அகலம் என்றால் 10.5.

அடுத்தது காற்றழுத்தம். கணக்கு எளிது. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை 3.6-ஆல் வகுங்கள். வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். அதை 0.6-ஆல் பெருக்கினால் பாஸ்கல் கணக்கில் அழுத்தம் வரும். 120 கிலோமீட்டர் வீச்சுக்குச் சுமார் 670 பாஸ்கல். 240 கிலோமீட்டருக்குச் சுமார் 2,670. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகிறது.

இதைக் கிலோவில் சொன்னால்தான் உறைக்கும். 5 மீட்டர் அகலக் கதவில் 120 கிலோமீட்டர் வீச்சு சுமார் 700 கிலோ பாரம் வைக்கிறது. 240 கிலோமீட்டரில் அது சுமார் 2,850 கிலோ. அந்தப் பாரத்தில் பாதியை இடப்பக்க ரெயிலும் மறு பாதியை வலப்பக்க ரெயிலும் சுமக்கின்றன. ஒரு பக்க ரெயிலில் எத்தனை போல்ட் இருக்கிறது என்று இப்போது போய் எண்ணிப் பாருங்கள்.

இது தோராயக் கணக்கு. வீடு ரோஸ்ஹில்லில் நெருக்கமான தெருவுக்குள் இருந்தால் பாரம் குறையும். ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையிலோ மலைச்சரிவிலோ தனியாக நின்றால் குறையாது. காற்று உள்ளே தள்ளுவதோடு நிற்காது, திசை மாறும்போது வெளியேயும் இழுக்கும். இரண்டு கார் கராஜ், கடலோரம், மேட்டு நிலம் இவற்றில் ஒன்று பொருந்தினாலும் கட்டடப் பொறியாளர் ஒருவருக்கு ஒரு வருகைக்கான கட்டணத்தைப் பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள். மொத்தச் செலவில் அது சிறு தொகைதான். "இத்தனை பாஸ்கல் தாங்க வேண்டும்" என்று அவர் எழுதிக் கொடுக்கும் ஒரு வரியை வைத்துத்தான் கடைகளில் பேசவே முடியும்.

சுவரைத் தட்டுங்கள்

இங்கே பெரும்பாலான வீட்டுச் சுவர் சிமெண்ட் பிளாக். பிளாக்கின் நடுவே பொந்து. ரெயிலை ஒட்டிய சுவரைச் சின்னச் சுத்தியலால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போங்கள். கான்கிரீட் தூண் இருக்கும் இடத்தில் கெட்டியான ஓசை வரும். பிளாக் இருக்கும் இடத்தில் பொள்ளென்று ஒலிக்கும். டிரில் போட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும்: இரண்டு மூன்று சென்டிமீட்டர் போனதும் பிட் திடீரென்று உள்ளே விழுந்தால் அது பொந்து. அந்த இடத்தில் விரியும் ஆங்கர் போல்ட்டைப் போட்டு இறுக்கினால் ஆரம்பத்தில் கெட்டியாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் அது பிடித்திருப்பது பிளாக்கின் மெல்லிய முகத்தை மட்டும். காற்று சில மணி நேரம் தள்ளியும் இழுத்தும் ஆட்டினால் முகம் உடைந்து போல்ட்டோடு வந்துவிடும்.

ரெயிலை எந்த முகத்தில் பிடித்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். சுவரின் உட்பக்கத்தில் ஒட்டினாற்போல் பிடித்திருந்தால், உள்ளே தள்ளும் காற்று போல்ட்டுகளைச் சுவரிலிருந்து நேராகப் பிடுங்கப் பார்க்கும். திறப்புக்குள்ளேயே இரண்டு தூணுக்கும் நடுவே பிடித்திருந்தால் போல்ட் குறுக்கு வெட்டாகப் பாரம் வாங்கும், அது அதற்கு எளிது. ஆனால் போல்ட் தூணின் விளிம்புக்கு மிக நெருக்கமாக இருந்தால் கான்கிரீட் மூலை சிதறிவிடும்.

குவாத்ர் போர்னில் என் மாமா வீட்டு ஷட்டரை ஒருநாள் பாதி இறக்கிவைத்துப் பார்த்தேன். தகட்டின் ஓரம் ரெயிலுக்குள் ஒரு கட்டைவிரல் அகலம்கூட இறங்கியிருக்கவில்லை. நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் ஷட்டர் வளைந்து, ஓரம் ரெயிலை விட்டு நழுவி வெளியே எட்டிப் பார்த்தது. தகடு நல்ல கனம், பெயின்ட் புதிது, மோட்டார் சத்தமே இல்லை. இதே சோதனையை நீங்களும் செய்யுங்கள். காசு செலவில்லை.

இந்த நழுவலைத் தடுக்கத்தான் தகட்டின் இரு ஓரத்திலும் காற்றுக் கொக்கிகள் வைக்கிறார்கள். அவை ரெயிலின் மடிப்பில் மாட்டிக்கொண்டு தகடு வெளியே வராமல் பிடிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கொக்கி போட்டதும் வளைகிற தகடு இரண்டு ரெயிலையும் உள்நோக்கி இழுக்க ஆரம்பிக்கும். போல்ட்டில் விழும் பாரம் முன்பைவிடக் கூடும். பழைய ரெயில், பழைய போல்ட், புதுக் கொக்கி என்றால் தகடு மட்டும் போவதற்குப் பதில் ரெயிலோடு சேர்ந்து போகும். கொக்கிக்குப் பணம் ஒதுக்கினால் ரெயிலுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.

சுவர் பொந்து என்று தெரிந்தால் வழி இருக்கிறது. இருபக்கமும் கம்பி கட்டிக் கான்கிரீட் தூண் வார்க்கலாம். அல்லது தரையிலிருந்து மேல் பீம் வரை இரும்புத் தூண் நிறுத்தி, தரையிலும் பீமிலும் பிடித்து, அதில் ரெயிலைப் பொருத்தலாம். இரண்டாவது வழியில் தூசி குறைவு, நாளும் குறைவு. தூண் எடுத்துக்கொள்ளும் அகலத்தைக் கழித்த பிறகு கார் நுழையுமா என்று மட்டும் முன்பே பாருங்கள்.

மாற்றுவதா, பலப்படுத்துவதா?

எல்லாருக்கும் புதுக் கதவு தேவையில்லை. தகடு துருப்பிடிக்காமல் இருந்து, ரெயிலும் போல்ட்டும்தான் பலவீனம் என்றால் அவற்றை மட்டும் மாற்றலாம். அகலமான கதவுக்குக் கழற்றி மாட்டும் நடுத்தூண் ஒன்று செய்யலாம்: தரையில் ஒரு குழல் பதித்து, மேல் பீமில் ஒரு பிடி வைத்து, புயல் அறிவிப்பு வந்ததும் இரும்புத் தூணை நிறுத்திப் பின் போடுவது. நடுவில் ஒரு தூண் வந்தால் தாங்கும் அகலம் பாதியாகிறது, தகடு வளையும் விசை நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. சாதாரண வெல்டிங் பட்டறையில் செய்கிற வேலைக்கு இது பெரிய பலன். உள்ளே நிற்கும் தூண் வெளியே இழுக்கும் காற்றுக்கு உதவாது, அதற்குத் தகட்டையும் தூணையும் இணைக்கும் கொக்கி வேண்டும் என்பதைப் பட்டறையில் சொல்லுங்கள்.

கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் யோசனை வேறு. கராஜுக்கு மேலே கான்கிரீட் தளம் இருந்து, வீட்டுக்குள் போக ஒரே ஒரு உள்கதவு இருந்தால், அந்த உள்கதவைப் பலப்படுத்துங்கள். கனமான கதவு, மூன்று கீல், மேலும் கீழும் தாழ்ப்பாள், கான்கிரீட்டில் பிடித்த சட்டம். ஷட்டர் போனாலும் காற்று கராஜோடு நிற்கும். கார் நனையும், கீறல் விழலாம், வீடு தப்பும். வெளிக்கதவுக்கு அடுத்த ஆண்டு பணம் சேர்க்கலாம். கராஜின் மேல் தகரக் கூரை இருந்தால் இந்த யோசனை செல்லாது. உள்ளே காற்று புகுந்ததும் தகரம் தூக்கிக்கொண்டு போய்விடும், அது பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் ஆபத்து.

எந்தக் கதவு?

ஐரோப்பாவிலிருந்து வரும் கதவுகளில் ஈ.என். 12424 என்ற தர எண்ணின்படி காற்றுப் பார வகுப்பு கொடுத்திருப்பார்கள். வகுப்பு 2 என்றால் 450 பாஸ்கல், 3 என்றால் 700, 4 என்றால் 1,000. மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் நான்காம் வகுப்பே ஏறக்குறைய 147 கிலோமீட்டர் வீச்சுக்குத்தான் சமம். ஐந்தாம் வகுப்பு என்றால் ஆயிரத்துக்கு மேல். எத்தனை மேல் என்பதைத் தயாரிப்பாளர் தனியாக எழுத வேண்டும். அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "புயல் ஷட்டர், தாங்கும்" என்ற வாய்ச்சொல் போதாது.

ஆஸ்திரேலியக் கதவு என்றால் ஏ.எஸ். 4505 தரத்தின்படி புயல் பகுதிக்கு ஏற்றதா என்று கேளுங்கள். குவீன்ஸ்லாந்தில் 2011இல் யாசி புயலுக்குப் பின் நடந்த ஆய்வுகளில் கராஜ் கதவுகள் விழுந்தது பெரிதாகப் பேசப்பட்டது. நம் கடல் புயலுக்கு நெருங்கிய அனுபவம் அவர்களுடையது. அமெரிக்கக் கதவில் சதுர அடிக்கு இத்தனை பவுண்டு என்று இருக்கும். 48-ஆல் பெருக்கினால் பாஸ்கல். ஃபுளோரிடாவின் மயாமி-டேட் மாவட்ட அங்கீகாரம் உள்ள கதவுகளுக்குப் பறந்து வரும் பொருள் மோதும் சோதனையும் உண்டு: சுமார் 4 கிலோ மரச்சட்டத்தை மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் எய்து பார்ப்பார்கள். இங்கே பறப்பது பெரும்பாலும் தகரமும் மரக்கிளையும். கதவில் அழகுக்குக் கண்ணாடிச் சதுரங்கள் வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான்.

உலோகத்தைப் பொறுத்தவரை, கடலோரத்தில் அலுமினியம் துரு பிடிக்காது, ஆனால் மெல்லிய அலுமினியத் தகடு சீக்கிரம் வளையும். கியூர்ப்பிப் போன்ற மேட்டு ஊர்களில் உப்பு குறைவு, ஈரம் அதிகம். நல்ல துத்தநாக முலாம் பூசிய எஃகு போதும். எங்கே இருந்தாலும் போல்ட்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கடலுக்குப் பக்கத்தில் 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட் கேளுங்கள். அலுமினிய ரெயிலில் அதைப் போடும்போது நடுவே நைலான் வாஷர் வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சேருமிடத்தில் அலுமினியம் அரிக்கும்.

மோட்டார் வசதிக்கு மட்டும்தான். காற்றைத் தடுக்கும் வேலை தாழ்ப்பாளுடையது. புயலில் மின்சாரம் நாள்கணக்கில் போகலாம், ஆகவே கையால் திறக்கும் சங்கிலியோ கைப்பிடியோ இல்லாத மோட்டாரை வாங்காதீர்கள். கனமான கதவு போட்டால் ஸ்பிரிங்கும் மாற வேண்டும். ஸ்பிரிங் வேலையை நீங்களே செய்யப் போகாதீர்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் நழுவினால் கை போய்விடும்.

தாழ்வான இடத்தில் வீடு இருந்தால் இன்னொன்று. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸில் கார்களை அடித்துச் சென்றது தண்ணீர். எந்த ஷட்டரும் வெள்ளத்தைத் தடுக்காது. அங்கே பணத்தின் ஒரு பகுதி வடிகாலுக்குப் போக வேண்டும்.

கொட்டேஷனைப் படிப்பது

மூன்று இடத்தில் கேளுங்கள். மூன்று பேருக்கும் ஒரே தாளைக் கொடுங்கள்: திறப்பின் அளவு, தாங்க வேண்டிய பாஸ்கல் உள்ளேயும் வெளியேயும், சுவரின் தன்மை. அப்போதுதான் விலைகளை ஒப்பிட முடியும். பதிலில் ரெயிலின் ஆழம், போல்ட்டின் வகையும் இடைவெளியும், பழைய கதவை அகற்றும் செலவு, மின்வேலை, கடல் உப்புக்கும் பொருந்தும் உத்தரவாதம் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வாட் என்கிற மதிப்புக் கூட்டு வரி சேர்த்த விலையா, சேர்க்காததா என்று கட்டாயம் கேளுங்கள். இங்கே வாட் 15 சதவீதம், சிறிய எழுத்தில் கடைசி வரியில் ஒளிந்திருக்கும்.

கணக்கு எப்படி வளர்கிறது என்று காட்ட ஒரு மாதிரி போடுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான், சந்தை விலை இல்லை. கதவு, ரெயில், மோட்டார் 1,00,000 மொரீஷியஸ் ரூபாய் என்று வைப்போம். தூண் வேலை 20,000. பழையதை அகற்ற, மின்வேலைக்கு 10,000. கூட்டினால் 1,30,000. வாட் 19,500. ஆக 1,49,500. சுவரைத் திறந்த பிறகு தெரியவரும் விஷயங்களுக்குப் பத்து சதவீதம், 15,000 என்று வையுங்கள். 1,64,500 ஆகிறது. விளம்பரத்தில் பார்த்த ஒரு லட்சத்தை மனதில் வைத்துக்கொண்டு போனவர் பாதி வழியில் தூண் வேலையைத்தான் வெட்டுவார். வெட்ட வேண்டியது மோட்டார், நிறம், ரிமோட். அவற்றைப் பிறகு சேர்க்கலாம், ரெயிலுக்கு இடம் மட்டும் விட்டுவைத்தால் போதும்.

இறக்குமதிக் கதவு என்றால் யூரோ, டாலர் விலையில் ரூபாய் ஏறி இறங்கும். கொட்டேஷன் எத்தனை நாள் செல்லும் என்று பாருங்கள். பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணை சோதனைக்குப் பிறகுதான்.

இன்ஷூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக: உங்கள் பாலிசியில் புயல் சேதம் சேர்ந்திருக்கிறதா, முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு, கராஜும் கதவும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். அந்த ஏற்புத் தொகையைத் தனியாக வங்கியில் வையுங்கள். பில்லையும் பாரச் சான்றிதழையும் போன் படமாகவும் எடுத்து வையுங்கள்.

எப்போது செய்வது?

புயல் பருவம் நவம்பரில் தொடங்கி மே நடுப்பகுதி வரை. வருடக் கடைசி போனஸ் கைக்கு வருவது டிசம்பரில். இந்த இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாது. போனஸில் கதவு மாற்றலாம் என்று காத்திருந்தால் டிசம்பர் கடைசியில் பட்டறைகள் விடுமுறை, ஜனவரியில் எல்லாருக்கும் அவசரம், அப்புறம் தைப்பூசக் காவடி விரதம், வீடு நிறைய உறவினர். போனஸை எடுத்து வைத்துவிட்டு, மே, ஜூனில் சுவரைப் பார்த்து, கொட்டேஷன் வாங்கி, ஜூலைக்குள் ஆர்டர் கொடுங்கள். கப்பலில் வர வேண்டியது தாமதமானாலும் அக்டோபருக்குள் மாட்டிவிடலாம். நடுத்தூணும் உள்கதவும் இந்த ஆண்டே, வெளிக்கதவு அடுத்த ஆண்டு நடுவே வரும் இங்கத்திய குளிர்காலம் என்று இரண்டாகப் பிரித்தாலும் தப்பில்லை.

மாட்டும் நாளில் கூட இருங்கள். போல்ட் இறங்கும்போது பட்டி போட்டு மூடும் முன் ஒவ்வொன்றையும் படம் எடுங்கள். டிரில் பிட் எங்காவது பொந்தில் விழுந்தால் வேலையை நிறுத்திக் கேளுங்கள். முடிந்ததும் மின்சாரத்தை நிறுத்திக் கையால் திறந்து மூடச் சொல்லுங்கள். உள்ளங்கைச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அதன் பிறகு கடைசித் தவணை.

நடுத்தூண் செய்திருந்தால் அக்டோபரில் ஒருமுறை வீட்டில் இருப்பவர்களே அதை மாட்டிப் பார்க்க வேண்டும். புயல் நெருங்க நெருங்க ஏறும் எச்சரிக்கைப் படிகளில் கிளாஸ் 2 வரும் நேரத்தில் நீங்கள் எபெனில் அலுவலகத்தில் இருக்கலாம். கிளாஸ் 3 வந்தபின் யாரும் வெளியே நின்று வேலை செய்யக் கூடாது. மனைவியும் மாமியாரும் மட்டும் இருக்கும் வீட்டில் ஒருவர் தூக்க முடியாத கனத்தில் தூண் செய்திருந்தால், அதை இரண்டு துண்டாக வெட்டி இணைப்பு வைத்துத் தரச் சொல்லிப் பட்டறைக்குத் திருப்பி அனுப்புங்கள். தாழ்ப்பாள் போட்ட பிறகு மோட்டாரின் பிளக்கைப் பிடுங்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பழக்கத்தில் யாராவது ரிமோட்டை அழுத்தினால், தாழ்ப்பாள் போட்ட கதவை மோட்டார் இழுத்து இரண்டையும் கெடுத்துவிடும்.